பாயிண்ட் எட்டு

கதவைச் சத்தம் வராமல் சாத்தினாள் மாரிக்கனி, உள்ளே தொட்டிலில் பிள்ளை தூங்குகிற மாதிரி. சாத்திவிட்டும் கைப்பிடியை விடவில்லை. டாக்டரம்மா இப்போது கூப்பிடுவாள், ஏம்மா ஒரு நிமிசம், இது உங்களோடது இல்ல, வேற ஒரு மாரிக்கனியோடது என்பாள், கூப்பிட்டால் உடனே திறக்க வசதியாகக் கை அங்கேயே இருக்கட்டும் என்று நின்றாள். கூப்பிடவில்லை. உள்ளே மேஜை இழுப்பறையைத் தள்ளுகிற சத்தம்தான் கேட்டது. கைப்பிடி சில்லென்று இருந்தது. ஐம்பத்திரண்டு. நூற்றுக்கு ஐம்பத்திரண்டு. எட்டாம் வகுப்பில் கணக்குப் பரீட்சையில் இதே ஐம்பத்திரண்டு வாங்கியபோது வழியெல்லாம் குதித்துக்கொண்டு வந்தவள் அவள், வகுப்பில் பாதிப் பேர் கவிழ்ந்த பரீட்சை அது, அப்பா சந்தோசத்தில் காராச்சேவு வாங்கிவந்தார், அந்தப் பொட்டலத்தின் எண்ணெய் வாசனைகூட இப்போது மூக்கில் ஏறுகிறது. "ரெண்டு கிட்னியும் சேந்து பாக்குற வேலை நூத்துக்கு ஐம்பத்திரண்டுதாம்மா" என்று டாக்டரம்மா சொன்னதும் மாரிக்கனி சிரித்துவிட்டாள். "மிச்சம் எங்க டாக்டர் போச்சு? ரத்தம் எடுக்கையில சிந்திருச்சா?" என்று கேட்டாள். எந்த இடத்திலும் எதையாவது சொல்லி எதிரே இருப்பவரைச் சிரிக்க வைத்துவிடுவாள், டாக்டரம்மாவும் சிரிக்கிற ஆள்தான், போன தடவைகூட "உன்னைப் பாத்தாலே என் பாதித் தலைவலி போயிருது" என்றாள். இன்று சிரிக்கவில்லை. மாரிக்கனியின் சிரிப்பு மட்டும் அந்த அறையில், பந்தி முடிந்த பிறகு வந்த விருந்தாளி மாதிரி, எங்கே உட்காருவது என்று தெரியாமல் நின்றது.

கையை எடுத்தாள். நடந்தாள். நடக்க முடிகிறதே, அதுவே ஆச்சரியமாக இருந்தது. காலையில் இதே வராந்தாவில் புருசன் சுடலைமணியைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து டயாலிசிஸ் வார்டுக்குள் விட்டுவிட்டு, அவனுக்குத் தான் கொடுக்கப்போகிற கிட்னிக்குத் தேதி கேட்கத்தான் டாக்டரம்மா அறைக்குப் போனாள். வார்டுக்குள் போகும்போது அவன் சொன்னான், "ஏட்டி, தை கழிஞ்சு வர்ற மாதிரி கேளு, பொங்கலுக்குப் புள்ளைக்குக் கரும்பு வெட்டிக் குடுத்துட்டுப் படுத்துக்கிடுதேன்." கொடுக்கப் போன இடத்தில், உன்னிடமே இல்லை என்று சொல்லிவிட்டார்கள். இல்லை என்றால் எப்படி இல்லை? பாயிண்ட் எட்டு என்று சொன்னது யார்? மூன்று மாதம் முன்னால் இதே ஆஸ்பத்திரிதானே சொன்னது. அவள் கிரியாட்டினின் பாயிண்ட் எட்டு. இந்த வராந்தாவில் ஆள் பேரைக் கேட்பதற்கு முன்னால் கிரியாட்டினினைத்தான் கேட்பார்கள், உங்களுக்கு எத்தனை, எனக்கு ஏழு, அவருக்குப் பதினொன்னு, பெருமூச்சு விடுவார்கள். சுடலைமணிக்கு ஒன்பதைத் தாண்டியபோதுதான் மிஷினில் போட்டார்கள். அவ்வளவு பேருக்கு நடுவில் அவள் மட்டும், முதல் மார்க் வாங்கின பிள்ளை மாதிரி, "எனக்கு பாயிண்ட் எட்டு" என்று கேட்காதவர்களிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தாள். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த ஆளிடம்கூடச் சொன்னாள். அந்த ஆள் தங்கத்தில் ஏதோ எடை என்று நினைத்துத் தலையாட்டினார்.

"கிரியாட்டினின்கிறது சதை தினமும் உதிர்க்கிற குப்பைம்மா" என்று சொன்னாள் டாக்டரம்மா, மெதுவாக, பிள்ளைக்குச் சோறு ஊட்டுகிற மாதிரி. "ரத்தத்துல அந்தக் குப்பை எவ்வளவு சேந்திருக்குன்னு பாத்து, கிட்னி ஒழுங்கா அள்ளுதா இல்லியான்னு சொல்லுவோம். உங்களைப் பாருங்க. எடை முப்பத்தொன்பது. உடம்புல சதையே இல்ல. உங்க தெருவுல குப்பையே கொஞ்சம். அள்ளுற ஆள் பாதி நாள் வேலைக்கு வராட்டாலும் தெரு சுத்தமாத்தான் தெரியும்." பிறகு, பாயிண்ட் எட்டு என்ற எண்ணைத் தான் நம்பாமல் போனதற்குக் காரணம் சொன்னாள். சிறுநீரில் புரதம் ஒழுகியிருக்கிறது. ஒழுகக்கூடாதாம். ஒரு பக்கம் ஒழுகுகிறது, இன்னொரு பக்கம் பாயிண்ட் எட்டு, அது தனக்கு உறுத்தியது என்றாள். அதனால் சிஸ்டாட்டின் என்று வேறொன்று பார்த்திருக்கிறார்கள். அது சதையை நம்பியிருக்கிற சாமான் இல்லையாம், உடம்பில் உள்ள எல்லாச் செல்லும் விடுவதாம், ஒல்லிக்கும் குண்டுக்கும் ஏறக்குறைய ஒரே அளவாம். அது அவள் ரத்தத்தில் தேங்கி நிற்கிறது. மூன்று மாதம் விட்டுத் திரும்பப் பார்த்தும் அதேதான். கிட்னி வேலை பார்ப்பதைக் கேமரா வைத்து எடுத்த படத்திலும் அதேதான். ஆக, அந்த மூன்று மாதம் ஆபரேசனுக்கு நாள் தள்ளியது இல்லை. அவளைச் சந்தேகப்பட்ட மாதம். அந்த மூன்று மாதமும் அவள் என்ன செய்துகொண்டிருந்தாள்? ஆபரேசன் முடிந்து படுத்திருக்கும்போது உடுத்த என்று நைட்டி இரண்டு எடுத்துவைத்தாள். ஒன்று பச்சை, ஒன்று கத்திரிப்பூ. நைட்டியை நினைத்ததும்தான் கால் நின்றுவிட்டது. ஏன் நைட்டிக்கு நிற்கவேண்டும், ஐம்பத்திரண்டுக்கு நிற்காத கால்?

டயாலிசிஸ் வார்டுக்கு வெளியே இரும்பு பெஞ்சில் ரஹ்மத் இருந்தாள், மாரிக்கனியின் பையை மடியில் வைத்துக்கொண்டு. காயல்பட்டணத்துக்காரி, தம்பியைக் கூட்டிவருகிறவள். அவள் ஊரில் அக்காவை லாத்தா என்பார்கள், அதனால் இந்த வராந்தாவுக்கே அவள் லாத்தா. "என்ன புள்ள, தேதி குறிச்சாச்சா? முகூர்த்த நாள் பாத்துதான் அறுப்பாகளாமே?" என்றாள். "குறிக்கல லாத்தா." "ஏனாம்?" மாரிக்கனி வாயைத் திறந்தாள். சொல்லிவிடலாம். சொன்னால் லாத்தா இந்தப் பெஞ்சிலிருந்து அந்தப் பெஞ்சுக்குச் சொல்லுவாள், அவன் வெளியே வரும்போது வராந்தா முழுக்க அவனைப் பாவமாகப் பார்க்கும், அவள் சொல்வதற்கு முன்பே அவன் மூஞ்சிகளைப் படித்துவிடுவான். "டாக்டரம்மாவுக்கு வேற சோலி வந்துட்டு. அடுத்த வாரம் வரச் சொல்லிருக்கா" என்றாள். பொய் அவ்வளவு சுலபமாக வழுக்கிக்கொண்டு வந்தது. "எதுக்கு மூஞ்சி இப்படி வெளுத்திருக்கு? ஏற்கெனவே ஈர்க்குச்சி. சாப்பிட்டியா? தண்ணியாவது குடிச்சியா?" என்று பையிலிருந்து பாட்டிலை எடுத்து நீட்டினாள் லாத்தா. காலையில் வீட்டில் நிரப்பின பாட்டில். மூடிகூடத் திறக்கவில்லை. "எனக்குத் தாகமே எடுக்காது லாத்தா" என்றாள், எப்போதும் சொல்வது மாதிரியே, சொல்லி முடித்ததும்தான் அது அவள் காதிலேயே விழுந்தது. லாத்தா தொழுகைக்கு என்று எழுந்து போனாள். பாட்டில் மடியில் கிடந்தது.

எனக்குத் தாகமே எடுக்காது. எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறாள், அதுவும் ஒரு முதல் மார்க்தான். உப்பளத்துக்குப் புதிதாக வேலைக்குப் போன வாரம் ஒரு பெரிய பாட்டில் தண்ணீரைக் குடித்துவிட்டு, வெயில் ஏறினதும், பாத்திகளுக்கு நடுவில், ஒரு முள்மரம்கூட இல்லாத வெள்ளைவெளேர் வெளியில் எங்கே ஒதுங்குவது என்று தெரியாமல் அழுதாளே, அன்று கூட வேலை பார்க்கிற எஸ்தர் அக்காதான் இழுத்துக்கொண்டு போய் நாலு பொம்பளைகளைச் சுற்றி நிற்கவைத்துச் சேலையை விரித்து மறைத்தாள். லாரியில் லோடு ஏற்றுகிற ஆம்பளைகள் தூரத்தில் நின்று என்னமோ சொல்லிச் சிரித்தார்கள். அதில் சுடலைமணியும் உண்டா என்று கல்யாணத்துக்குப் பிறகு கேட்டிருக்கிறாள். "நான் திரும்பி நின்னேன்" என்றான். "அப்போ பாத்துட்டுத்தான திரும்புனீக?" என்று அடித்தாள். மறுநாள் எஸ்தர் அக்கா புளியங்கொட்டை ஒன்று கொடுத்தாள். "இதை நாக்குக்கு அடியில வச்சுக்க. எச்சி ஊறும். வீட்டுக்குப் போற வரைக்கும் தாகம்கிற நினைப்பே வராது. இங்க உள்ளவ எல்லாரும் அப்படித்தான்." அப்படித்தான். காலையில் வேனில் ஏறும்போது எல்லார் கையிலும் நிறைந்த பாட்டில் இருக்கும், மத்தியானம் இறங்கும்போதும் நிறைந்தே இருக்கும், அதில் பாதியை வாசல் தொளித்துவிட்டு மீதியைச் செடிக்கு ஊற்றுவார்கள். உப்பு கண்ணைப் பறிக்கும், தலைக்குள் வெயில் அடுப்புப் போடும், வியர்வை முதுகில் காய்ந்து உப்பாகவே படியும். இடுப்பு வலித்தால் பெட்டிக்கடையில் செட் மாத்திரை, ஒன்று வெள்ளை, ஒன்று மஞ்சள், அதையும் எச்சில் கூட்டியே முழுங்கப் பழகினாள். எச்சிலில் மாத்திரை முழுங்குகிறவள் என்று அவளுக்கு உப்பளத்தில் பேர். டாக்டரம்மா கேட்டபோது இதையும் பெருமையாகத்தான் சொன்னாள். டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். "எத்தனை வருசமா?" கணக்குப் பார்க்கவில்லையே டாக்டர், வலி வந்த நாளெல்லாம். "இன்னதுனாலதான்னு ஒன்னை மட்டும் கைகாட்ட முடியாதும்மா. வெயில், மாத்திரை, தண்ணி குடிக்காம இருந்தது, எல்லாமே இருக்கலாம்." கை காட்டினால் தேவலை. கைகாட்டினால் அந்தப் பக்கமாவது பார்த்துக்கொண்டிருக்கலாம்.

இந்த உடம்பு ஒரு நாளும் அவளிடம் எதுவும் சொன்னதில்லை. பல் வலித்தால் சொல்கிறது, கால் வெடித்தால் சொல்கிறது, மாதம் தப்பினால் சொல்கிறது. பாதி போகும்வரை மூச்சுக்காட்டாமல் ஒரு சாமான் உள்ளே இருக்குமா? இடுப்பில் கை வைத்துப் பார்த்தாள். எலும்புதான் தட்டுப்பட்டது. இங்கேதான் இருக்கும். இரண்டு. அவரைக்கொட்டை மாதிரி என்று டாக்டரம்மா படம் போட்டுக் காட்டினாள். போன மாதம் இதே இடத்தைத் தடவிச் சுடலைமணி சொன்னான், "இதுல எந்தப் பக்கத்த எடுப்பாங்களோ, அந்தப் பக்கம் இனி என் சொத்து, நீ கை வைக்கப்படாது." அவள் சிரித்துச் சிரித்துப் புரையேறி, அப்போதும் தண்ணீர் குடிக்காமல் தலையைத் தட்டிக்கொண்டாள். குடிக்கமாட்டாள், அவன் பக்கத்தில் இருந்தானே. ஒருவேளை டியூப் மாறியிருக்குமோ? ரத்தம் எடுக்கிற இடத்தில் எவ்வளவு கூட்டம், சிவப்பு மூடி, ஊதா மூடி, அதில் ஒட்டுகிற பேர், இந்த ஜில்லாவில் தெருவுக்கு ஒரு மாரிக்கனி இருப்பாள். ஆனால் அப்படியானால் அந்த இன்னொரு மாரிக்கனி? அவள் இப்போது வீட்டில் மீன் கழுவிக்கொண்டிருப்பாள், பாயிண்ட் எட்டு என்று யாரோ சொன்னதை நம்பிக்கொண்டு. அவளுக்கும் பிள்ளை இருக்கும். சீ, என்ன புத்தி இது. அதோடு ரெண்டு தடவையுமா மாறும். படத்திலுமா மாறும், படம் எடுக்கும்போது படுத்திருந்தது அவள்தானே, அந்த மிஷின் முதுகுக்கடியில் முனகினது அவளுக்குத்தானே கேட்டது.

அவன் பக்கத்தில் இருந்தானே, அதனால்தான் குடிக்கவில்லை. இதை டாக்டரம்மாவிடம் சொல்லவில்லை. சுடலைமணிக்கு ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்று அளவு, சாம்பாரும் அதில் சேர்த்தி, மாத்திரை போடுகிற தண்ணீரும் அதில் சேர்த்தி. காலையிலேயே ஒரு பாட்டிலில் ஊற்றி அவன் கையில் கொடுத்துவிடுவாள். அதை அவன் சாராயத்தை வைத்துக் குடிக்கிற மாதிரி மூடி மூடியாய்க் குடிப்பான். சித்திரையில் ஒரு நாள் அவள் அடுக்களையில் சொம்பை அண்ணாந்து குடித்துவிட்டுத் திரும்பினாள், நிலைப்படியில் நின்றிருந்தான். அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டு நின்றான், அவன் தொண்டையும் கூடவே ஏறி இறங்கியது. அன்றிலிருந்து அவள் பின்பக்கம் போய்க் குடித்தாள். "நீ குடிக்குற சத்தம் இங்க வரைக்கும் கேக்கு" என்றான் ஒருநாள், கோபமாகக்கூட இல்லை, மழை வருகிறது என்று சொல்கிற மாதிரி. பிறகு பின்பக்கமும் போகவில்லை. சோற்றில் உள்ள நீர் போதும், காலையில் ஒரு காப்பி போதும். உப்பளம் பழக்கிவைத்த உடம்பு, அடம் பண்ணவே இல்லை. அவனும் ஆரம்பத்தில் குடிக்கச் சொல்லப்பட்டவன்தான். நாலைந்து வருசம் முன்னால், முதல் முதலில் கால் வீங்குவதற்கும் முன்னால், இன்னொரு டாக்டர் நல்லாத் தண்ணி குடிங்க, வெயில்ல நிக்காதீங்க, வலி மாத்திரை தொடாதீங்க என்று சொல்லி அனுப்பினார். லாரியில் லோடு ஏற்றுகிறவன் வெயிலில் நிற்காமல் நிலாவிலா நிற்க முடியும்? அவன் இப்போது அதைப் புதிதாக வருகிறவர்களிடம் கதையாகச் சொல்வான், "முதல்ல குடின்னு சொல்லுவாங்க. அப்புறம் குடிக்காதன்னு சொல்லுவாங்க. ரெண்டுக்கும் நடுவுல உள்ள காலம்தான் நமக்குத் தந்த காலம். அதை நான் லாரியில ஏத்தி அனுப்பிட்டேன்." எல்லாரும் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள். இன்றைக்கு டாக்டரம்மா கடைசியாகச் சொன்னது என்ன? "நல்லாத் தண்ணி குடிங்கம்மா. வெயில் வேலை வேண்டாம். வலி மாத்திரை தொடவே கூடாது." வார்த்தை மாறாமல். அதைக் கேட்டபோதுதான் அவள் சிரிப்பு நின்றது.

இப்போது என்ன செய்வது? இதுதான் கேள்வி, மற்றதெல்லாம் வீட்டில் போய் நினைத்துக்கொள்ளலாம். ரெண்டும் சேர்ந்து ஐம்பத்திரண்டு என்றால் ஒன்றுக்கு இருபத்தாறு. ஒன்றை அவனுக்குக் கொடுத்தால் அவனுக்கு இருபத்தாறு, அவளுக்கு இருபத்தாறு. ரெண்டு பேருக்கும் பாஸ் மார்க் கிடையாது. சிரிப்பு வந்துவிட்டது, எதிர் பெஞ்சில் இருந்த ஆள் நிமிர்ந்து பார்த்தார். கொடுக்கிறேன், பரவாயில்லை, எடுத்துக்கோங்க என்று காலில் விழுந்தால்? "நீங்க கேட்டாலும் நாங்க எடுக்கமாட்டோம்மா" என்று கேட்பதற்கு முன்னாலேயே சொல்லிவிட்டாள் டாக்டரம்மா. மாமியாருக்குச் சர்க்கரை. அவன் அண்ணன் லிங்கம் இருக்கிறார், கல்லுமாதிரி உடம்பு, ஒரே ரத்த வகை. போன வருசம் அவர் தரேன் என்று சொல்லிவிட்டு, வீட்டுக்குப் போய் வந்து தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பாயிண்ட் எட்டு வந்த அன்று இவள் தெருவில் நின்று அவர் பெண்டாட்டியைப் பார்த்துச் சொன்னது இப்போது திரும்பி வருகிறது, "உங்க புருசன் கிட்னிய நீங்களே முந்தானையில முடிஞ்சு வச்சுக்கோங்கக்கா. எம் புருசனுக்கு நான் குடுப்பேன். எனக்கு பாயிண்ட் எட்டு." தெருவே கேட்டது. அந்த வாசலில் போய் நிற்கவேண்டும் இனி. நிற்பாள். மூஞ்சியில் கதவைச் சாத்தினாலும் மறுநாளும் நிற்பாள், வெட்கமா இப்போது பெரிசு. எஸ்தர் அக்காவிடம் சொல்லவேண்டும், நீயும் போய்ப் பாரு என்று. வேனில் ஏறுகிற எல்லாரிடமும் சொல்லவேண்டும், எல்லாரும் ஈர்க்குச்சிகள்தான், எல்லாரும் புளியங்கொட்டைகள்தான். யாரைப் பார்த்தாலும் பாயிண்ட் எட்டு, பாயிண்ட் ஏழு என்றுதான் வரும். ஒன்றுக்குப் போகிறதையும் சேர்த்துப் பாரு, அந்த இன்னொரு டெஸ்டையும் கேளு என்று சொல்லவேண்டும். பேர் என்ன, சிஸ்டா... சிஸ்டாட்டின். மறந்துவிடக்கூடாது. சிஸ்டாட்டின் சிஸ்டாட்டின் என்று வாய்க்குள் சொன்னாள், கடைக்குப் போகிற பிள்ளை சாமான் பேரைச் சொல்லிக்கொண்டே ஓடுகிற மாதிரி.

பிள்ளை. பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். தன்ஷிகா. யுகேஜி படிக்கிற ஐந்து வயசுக்காரி, நீலப் பாட்டில், மூடியில் வாத்துத் தலை, உறிஞ்சுகிற குழாய். போன வாரம் பள்ளிக்கூட வாசலில் டீச்சர் நிறுத்திச் சொன்னாளே, "உங்க பொண்ணு நாள் முழுக்கத் தண்ணியே குடிக்கமாட்டேங்கிறா. கேட்டா, எங்கம்மா மாதிரி எனக்கும் தாகமே எடுக்காதுங்கிறா." அன்று இவள் என்ன சொன்னாள்? சிரித்தாள். "எங்க வீட்டு வாரிசுல்லா டீச்சர், அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லிப் பிள்ளையைத் தூக்கி முத்தம் கொடுத்தாள். சாயந்தரம் நிறைந்த பாட்டிலோடு திரும்பி வரும் பிள்ளை, "பாரும்மா, கீழ சிந்தாம அப்படியே கொண்டுவந்துட்டேன்" என்று ஆட்டிக் காட்டும். சமத்து என்று சொன்னாள். சமத்து என்று சொல்லியிருக்கிறாள் எத்தனை சாயந்தரம். அந்தத் தண்ணீரையும் செடிக்கு ஊற்றினாள். அவனுக்காகக் குடிக்காமல் இருந்தேன் என்று ஒரு மூலையில் ஒட்டிக்கொண்டிருந்த பெருமை சரிந்தது. பக்கத்தில் இன்னொன்று குட்டியாக உட்கார்ந்து அம்மாவின் தொண்டையைப் பார்த்துக்கொண்டிருந்ததை இவள் பார்க்கவே இல்லை. எத்தனை சாயந்தரமாக அது அசையாத தொண்டையைப் பார்த்திருக்கும்?

வார்டுக் கதவு திறந்தது. சுடலைமணி வந்தான், கையில் ஊசி எடுத்த இடத்தில் பஞ்சை அழுத்திக்கொண்டு, துவைத்துப் பிழிந்த துணி மாதிரி, ஆனாலும் சிரித்துக்கொண்டு. "ஏட்டி, என்ன சொன்னா உங்க டாக்டரம்மா? தைக்குப் பொறவுன்னு கேட்டியா?" என்று பெஞ்சில் மெதுவாக உட்கார்ந்தான். மாரிக்கனி அவன் கையைப் பார்த்தாள், பஞ்சைப் பார்த்தாள், காலைப் பார்த்தாள். வீக்கம் வடிந்திருந்தது. சொல்லு. எதிலிருந்து ஆரம்பிக்க, குப்பையிலிருந்தா, ஒழுகுவதிலிருந்தா, ஐம்பத்திரண்டிலிருந்தா? நாளைக்குச் சொல்லலாம். ராத்திரி சோறு இறங்கட்டும், அதற்குப் பிறகு சொல்லலாம். அடுத்த வாரம் என்று லாத்தாவிடம் சொன்ன பொய் நல்ல பொய், அதையே இவனுக்கும் கொடுக்கலாம். அடுத்த வாரத்துக்கு இன்னொன்று தயார் செய்யலாம். நடுவில் உள்ள காலம். அதை லாரியில் ஏற்றி அனுப்பலாம். மடியில் பாட்டில் கனத்தது. "என்னட்டி, நாக்கு உள்ள போயிருச்சா?" என்றான். அவள் மூடியைத் திருகினாள். விரல் வழுக்கியது, சேலையில் துடைத்துக்கொண்டு மறுபடி திருகினாள். அண்ணாந்தாள். முதல் மடக்கு இறங்க மறுத்தது. அவன் பார்க்கிறான், அவன் தொண்டை கூடவே ஏறும், நிறுத்து நிறுத்து என்று ஒரு குரல். இரண்டாவது மடக்கு இறங்கியது. பிறகு நிற்கவில்லை. மடக் மடக் என்று சத்தம் வராந்தாவுக்கே கேட்டது, தாடையில் வழிந்தது, ரவிக்கை நனைந்தது, கண்ணை மூடிக்கொண்டு குடித்தாள், தாகம் எங்கிருந்தோ, எத்தனையோ வருசத்துக்குப் பின்னாலிருந்து ஓடிவந்து அவளைப் பிடித்துக்கொண்டது. பாட்டில் நசுங்கி உள்வாங்கியது. மூச்சு வாங்கினாள். கண்ணைத் திறந்தபோது அவன் சிரிப்பு பாதியில் நின்றிருந்தது.

"எம் முன்னாடி நீ குடிக்கமாட்டியே" என்றான். "டாக்டரம்மா குடிக்கச் சொல்லிருக்கா." "என்னன்னு?" "நல்லாத் தண்ணி குடிங்கன்னு. வெயில்ல நிக்காதீங்கன்னு." பாட்டிலை மடியில் வைத்து, "வலி மாத்திரை தொடாதீங்கன்னு" என்றாள். அவன் வாய் அந்த வார்த்தைகளைச் சத்தமில்லாமல் திருப்பிச் சொல்லிப் பார்த்தது. பஞ்சை அழுத்திக்கொண்டிருந்த விரல் விட்டுப்போய், முழங்கைக்குக் கீழே ஒரு சொட்டு ரத்தம் இறங்கியது. "பாயிண்ட் எட்டுன்னியே" என்றான். "அது பொய்யாம்" என்றாள். அவள் முந்தானையால் அந்தச் சொட்டைத் துடைத்துப் பஞ்சைத் திரும்ப வைத்து அழுத்தினாள். பிறகு அவன் அவள் மடியிலிருந்து நசுங்கின பாட்டிலை எடுத்தான், எழுந்தான், சுவரைத் தொட்டுத் தொட்டு வராந்தா முனையில் இருந்த குடிதண்ணீர்க் குழாய்க்குப் போனான். அவள் எழுந்து பின்னால் போனாள். குழாயைத் திருகினான். தண்ணீர் பாட்டிலுக்குள் விழுகிற சத்தத்தை, அது ஏற ஏற மெலிந்து வருவதை, முகத்தைத் திருப்பாமல் கேட்டுக்கொண்டு நின்றான். விளிம்பில் வழிந்து அவன் விரலெல்லாம் நனைந்தது. நனைந்த விரலை வாய்க்குக் கொண்டுபோகவில்லை, சட்டையில் துடைத்தான். பாட்டிலை அவளிடம் நீட்டினான்.

"குடி" என்றான். "நான் பாத்துக்கிட்டே நிக்கேன்."